எத்தியோப்பியாவுக்காகப் போடியில் போட்ட சண்டை

பத்திரிகைக்காரர் யாராவது உங்களைப் பார்க்க வந்தால், முதலில் கையில் இருக்கிற சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள். புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். நான் வைக்கவில்லை. பேப்பரில், 'சாக்பீஸை ஆட்டியபடி ஆசிரியை ஆவேசமாகப் பேசினார்' என்று வந்தது. ஆவேசப்பட்டது உண்மை. ஆட்டியதும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் நான் பேசியதைவிட அந்தச் சாக்பீஸுக்குத்தான் அவர் அதிக இடம் கொடுத்திருந்தார்.

பாடம் நடத்துவது எப்படி, கரும்பலகையில் எழுதுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குப் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நம் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று மட்டும் எங்கேயும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

நான் தேனிக்காரி. கடைவீதியில் எங்கள் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் ஆணியும் பூட்டும் தாழ்ப்பாளும் என்று வளர்ந்தவள். கணக்கு டீச்சராகி, சயின்ஸ் வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அறுபதுகளின் கடைசியில் எத்தியோப்பியாவுக்கு நம் ஊர்ப்பக்கமிருந்து ஆசிரியர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் மனுப் போட்டோம். இரண்டு பேருக்குமே கிடைத்துவிட்டது. "எங்கிட்டு இருக்கு அந்த ஊரு?" என்று அப்பா கேட்டார். மேப்பில் காட்டினேன். "கடலுக்கு அங்கிட்டா!" என்றவர், ஆணி எடை போடப் போய்விட்டார்.

எங்களுக்குக் கிடைத்தது மேட்டு நிலத்தில் ஒரு சின்ன ஊர். மூணாறுக் குளிரும் வருசநாட்டுச் செம்மண் பாதையும் சேர்ந்த மாதிரி ஓர் இடம். முதல் நாள் ஏழாம் வகுப்புக்குள் நுழைகிறேன். முதல் பெஞ்சில் கோட்டுப் போட்ட, அடர்ந்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து, "குட் மார்னிங் சார்" என்று கும்பிட்டே விட்டேன். மீசைக்காரர் பதறி எழுந்து, என்னைவிடக் கீழே குனிந்து, "அஸ்தமாரி" என்றார். அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று அர்த்தம். அவர் என் மாணவர். பெயர் கெப்ரே. பக்கத்தில் அவர் தோளுயரம்கூட இல்லாத ஒரு வாண்டு. இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே மைப்புட்டி. நம் ஊராக இருந்தால் என் கும்பிடுக்கு வகுப்பு கூரையைப் பிய்த்திருக்கும். அங்கே ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

கெப்ரேக்குக் கல்யாணமாகிவிட்டது. அவருடைய மகனே அதே பள்ளியில் கீழ் வகுப்பில் படித்தான். வருஷக் கடைசியில் அப்பாவும் பிள்ளையும் ரிப்போர்ட் கார்டை வாங்கிக்கொண்டு சேர்ந்து வீட்டுக்கு நடப்பதை நான் கண்ணால் பார்த்தேன். மகன் முதல் ரேங்க், அப்பா நடுவில் எங்கேயோ. யாருக்கும் அதில் அவமானம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்பாக்காரர் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் மகனின் கார்டை நீட்டிக்கொண்டே போனார்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரை டைரக்டர் என்பார்கள். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை நிஜ இன்ஸ்பெக்டர் தலைநகரத்திலிருந்து வந்து, கெப்ரேயைக் காட்டி, "இவர் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்?" என்று கேட்டார். டைரக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "இவர் தாமதமாக வரவில்லை. இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம்தான் தாமதமாக வந்தது" என்றார். இன்ஸ்பெக்டர் அடுத்த வகுப்புக்கு நடந்துவிட்டார். மேலதிகாரி முன்னால் கை கட்டி நின்றே பழகிய எனக்கு, ஒரு ஆசிரியர் இப்படியும் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, வீட்டிலிருந்து காயவைத்துக் கொண்டுவந்த இஞ்சராவை, அதாவது அவர்களுடைய புளித்த மாவு தோசையை, ஊறவைத்துத் தின்று படித்தார்கள். நன்றாகப் படிக்கிறவனை வருஷ நடுவிலேயே அடுத்த வகுப்பில் உட்காரவைத்தார்கள். குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. புத்தகம் பற்றாது. பள்ளிக்கூடமே பார்க்காத கிராமங்கள் ஏராளம். என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரிய ஒரு பருவம் ஆனது. ஆனாலும் படிக்கவேண்டும் என்று வாசலில் வந்து நின்ற யாரிடமும், உனக்கு வயசாகிவிட்டது போ என்று அந்தப் பள்ளி சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பள்ளியை நான் மனதார மதிக்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, இருவரும் போடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தோம். அந்த நாடு பின்னால் பட்ட பாடு வேறு கதை. அதற்கு முன்னாலேயே நாங்கள் வந்துவிட்டோம்.

வந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் மதுரைப் பேப்பர் ஒன்றின் ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை வந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டு வந்த யாரோ ஒருவர் எழுதியது. தலைப்பு: 'மீசைக்காரர்களின் நாலாம் வகுப்பு.' எத்தியோப்பியாவில் பிள்ளை பெற்றவர்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களாம். நினைத்தபோது வகுப்புத் தாண்டுகிறார்களாம். இது பள்ளிக்கூடமா, சந்தையா என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு கேலிப்படம் வேறு. தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லும் தாடிக்காரன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெப்ரே முகம்தான் கண்ணில் நின்றது. "விடும்மா, அவன் எழுதிட்டுப் போறான். எத்தியோப்பியாக்காரன் இதைப் படிக்கவா போறான்?" என்றார் வீட்டுக்காரர். அவன் படிக்க மாட்டான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதில் சொல்ல முடியாதவனைக் கேலி செய்வது என்ன வீரம்? உட்கார்ந்து அந்தப் பேப்பருக்கே பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். நல்லதையும் எழுதினேன், குறையையும் எழுதினேன். பேப்பர்காரர்கள் குறையை எல்லாம் வெட்டிவிட்டு நல்லதை மட்டும் போட்டார்கள். அந்த நாட்டு ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவள் மாதிரி ஆகிவிட்டேன். மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் என் பெயர் 'எத்தியோப்பியா டீச்சர்.'

ஆனால் டைரக்டர் சொன்ன வாக்கியத்தை அவர்கள் வெட்டவில்லை. அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சில நாள் கழித்து, பள்ளி விடும் நேரத்தில், கேட்டருகில் ஒரு பெண் நின்றாள். தலையில் கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. மலைமேல் தோட்டத்தில் காய் பறித்துவிட்டு ஜீப்பில் இறங்கி நேராக வந்திருக்கிறாள்.

"நீங்கதான எத்தியோப்பியா டீச்சரு?"

"ஆமா. நீ யாரும்மா?"

"பேச்சியம்மா. ஜீப்புக்கு நிக்கைல டீக்கடையில நீங்க எழுதுனத வாசிச்சாக. அங்கன மீசக்காரகளெல்லாம் படிக்காகளாம்ல. நெசமா டீச்சர்?"

"நெசந்தான்."

"எனக்கு மீச கூட இல்ல டீச்சர். என்னையச் சேத்துக்குவாகளா?"

சிரிப்பு வந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தேன். ஏழாவது படித்து முடித்த வருஷம் அம்மா படுத்த படுக்கையாகிவிட, பேச்சி தோட்டத்துக்குப் போனவள். அம்மா இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். பேச்சிக்குப் பதினெட்டு வயது. எட்டாம் வகுப்பில் உட்காரவேண்டும் என்கிறாள். பேப்பரில் எழுதுவது சுலபம். எழுதியதை நம்பி ஒருத்தி வாசலில் வந்து நிற்கும்போதுதான் நாம் எழுதியதன் எடை தெரியும்.

எங்கள் தலைமையாசிரியர் தமிழ் படித்தவர், கண்டிப்பானவர், நல்லவர். ஆனால் வழக்கத்தில் இல்லாத எதையும் கண்டால் மிரளுவார். பேச்சியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் போனேன்.

"அது எத்தியோப்பியா, டீச்சர். இது போடி" என்றார். "அங்கன பள்ளிக்கூடம் லேட்டா வந்துச்சுன்னு எழுதியிருந்தீக. சரி. இங்கன பள்ளிக்கூடம் முன்னாடியே இருந்துச்சுல்ல? இந்தப் பிள்ளைதான வரல?"

"அவ அம்மாவை யாரு சார் பாக்குறது? அந்த வருஷம் பள்ளிக்கூடம் அவ வீட்டுக்குப் போயிருக்கணும். போகலையே."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் யோசிக்கும் அடையாளம். "அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம். எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணணும். அதுக்குள்ள வெளிய சத்தம் வரக் கூடாது. பெத்தவுக வந்து, வயசுக்கு வந்த பிள்ளையச் சின்னப் பிள்ளைகளோட உக்கார வச்சிருக்கீகளான்னு கேட்டா, நான் தாங்க மாட்டேன். பேப்பர்ல கீப்பர்ல வந்துச்சு, அன்னைக்கே நிப்பாட்டிருவேன்."

பேச்சி வந்தாள். பாவாடை சட்டைப் பிள்ளைகளுக்கு நடுவே தாவணியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமான மாதங்கள் அவை. அந்தக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். சனிக்கிழமை மட்டும் மலைக்குப் போவாள். முதல் வாரம் பிள்ளைகள் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டு மரியாதையாக விலகி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் பென்சில் கடன் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் அவள் தலையிலும் பேப்பர் அம்பு விழுந்தது. அம்பு விழுந்த அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த நிருபர் வந்தார். அதே பேப்பருக்குத் தேனிப் பக்கத்துச் செய்தி அனுப்புகிறவர். என் கடிதத்துக்கு வாசகர்கள் ஏகப்பட்ட பேர் காரசாரமாக எழுதியிருந்தார்களாம். நேரில் பேட்டி எடுத்துப் போடச் சொல்லி மதுரையிலிருந்து சொல்லிவிட்டார்களாம். கழுத்தில் கேமரா. தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு, வகுப்பு நடப்பது மாதிரி ஒரு படம் வேண்டுமென்று அவரையும் அழைத்துக்கொண்டு நேராக என் எட்டாம் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் பேச்சி.

நிருபர் அவளைப் பார்த்தார். தாவணியைப் பார்த்தார். கையிலிருந்த சாக்பீஸையும் பார்த்தார். "இவுக டிரெய்னிங் டீச்சரா?" என்று கேட்டார்.

பிள்ளைகளுக்குத் தெரியாத ரகசியம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. பேச்சி பற்றித் தலைமையாசிரியர் போட்ட நிபந்தனை அந்த வகுப்பு முழுவதற்கும் தெரியும். சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டால் தப்பான பதிலை ஒன்றாகக் கத்துகிற பிள்ளைகள், ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. கடைக்குட்டிப் பயல் ஒருவன் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"பாடம் நடந்துக்கிட்டிருக்கு. கேக்க வேண்டியத எங்கிட்டக் கேளுங்க" என்று சொல்லி, பேச்சி கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். அவள் போய் உட்காராமல் சுவரோரம் நின்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் விஷயம் வெளிவந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் கேட்டார், நான் சொன்னேன். கெப்ரே கதை, டைரக்டர் கதை, இஞ்சராக் கதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் சரி டீச்சர். எட்டாக்கையில இருக்குற ஊரைப் பத்தி என்ன வேணாலும் சொல்லலாம். அது அவ்வளவு நல்ல ஏற்பாடுன்னா, இந்த ஊர்ல ஒண்ணு காட்டுங்க. வயசு கூடின ஒரு ஆளு, சின்னப் பிள்ளைகளோட உக்காந்து படிக்கிற ஒரே ஒரு ஆளு. காட்டுங்க. நாளைக்கே போட்டோவோட போட்டுருவோம்."

தலைமையாசிரியர் வாசலில் நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என்னிடமிருந்து நாலு அடி தள்ளிப் பேச்சி நிற்கிறாள். கையை நீட்டினால் போதும். நான் ஜெயித்துவிடுவேன். எத்தியோப்பியா ஜெயிக்கும், கெப்ரே ஜெயிப்பார், என்னைக் கேலி செய்த ஆசிரியர் அறை முழுக்க வாயடைத்துப் போகும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்ல உண்மை இருக்கும்போது சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"காட்ட மாட்டேன்" என்றேன்.

"இல்லைங்கிறீகளா?"

"இல்லைன்னு சொல்லல. காட்ட மாட்டேன்னு சொன்னேன். இங்க இருக்குறவுக படிக்க வந்தவுக. யாரும் வேடிக்கை காட்ட வரல."

இந்த இடத்தில்தான் நான் சாக்பீஸை ஆட்டியிருக்கவேண்டும்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் அவரை வழியனுப்பப் போனார். பேச்சி சுவரை விட்டு நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"என்னையச் சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீகள்ல டீச்சர்?"

"நீ தோத்திருப்பியே. போய் உக்காரு. பாதிக் கணக்கு நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது. 'எத்தியோப்பியாவைப் புகழ்ந்த ஆசிரியையால் இங்கு ஒரே ஒருவரைக்கூடக் காட்ட இயலவில்லை.' தேனிக் கடைவீதியில் அப்பாவைச் சுற்றி நின்று, "என்ன நாடாரே, உங்க பொண்ணு வசமா மாட்டிக்கிருச்சாம்ல?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கும்தான். தோற்றது பற்றிக்கூட அவ்வளவு இல்லை. அந்த மீசைக்காரரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் திங்கட்கிழமை தலைமையாசிரியர் அந்தப் பேப்பரோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணு கூட இல்லையாம். எழுதிட்டாக!" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சத்தமே வரக் கூடாது என்று சொன்ன மனிதர், இல்லை என்று அவர்கள் எழுதியதைப் பொறுக்கமாட்டாமல் நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அரைப்பரீட்சை வந்தது. பேச்சிக்குத் தமிழில் நல்ல மார்க். சரித்திரம், சயின்ஸ் எல்லாம் பாஸ். இங்கிலீஷில் தத்தித் தாண்டிவிட்டாள். கணக்கில் பெயில். என் பாடத்தில்.

கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூட வேலை பார்த்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். சிவப்பு மையைத் திறந்துவைத்துக்கொண்டு நானும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் போட்டிருந்தால், வயசு கூடினவர்களால் படிக்க முடியாது, தூக்கித்தான் விடவேண்டும் என்று அந்தப் பேப்பர்காரர்கள் நினைத்ததை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கெப்ரேக்கு நான் ஒரு மார்க்கும் சும்மா கொடுத்ததில்லை. இவளுக்கு மட்டும் ஏன்? வாங்கியதையே போட்டேன். போட்டுவிட்டு அழுதேன்.

மார்க் தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். தலைமையாசிரியர் பார்த்தார். "உங்க பாடத்துலயா டீச்சர்?" என்றார். எல்லாப் பாடத்திலும் பாஸ் என்பதுதான் அவர் சொன்ன நிபந்தனை. சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். பேச்சி வராந்தாவில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. துணிப்பையில் புத்தகத்தையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, போகச் சொன்னால் போவதற்குத் தயாராக நின்றாள்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அந்த ஊர்ல என்ன டீச்சர் செய்வாக?" என்று கேட்டார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எந்தக் கணக்கு வரலைன்னு கேப்பாக சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு குரல் கொடுத்தார். "ஏத்தா, உள்ள வா."

பேச்சி பையைக் கட்டிப்பிடித்தபடி வந்து நின்றாள்.

"எந்தக் கணக்கு வரல?"

அவள் என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "எழுத்தைப் போட்டுக் கூட்டச் சொல்றாகள்ல, அது சார். எண்ணுன்னா கூட்டலாம். எழுத்தை எப்படி சார் கூட்டுறது?"

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஆபீஸ் அறையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எனக்கும் அது இன்னைக்கு வரைக்கும் வரலத்தா. மனப்பாடம் பண்ணித்தான் தப்பிச்சேன்" என்றார். மார்க் தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "டீச்சர் சொல்லித் தருவாக. முழுப்பரீட்சை வரைக்கும் உன்னைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. கிளாசுக்குப் போ."

பேச்சி ஓடினாள். வராந்தாவில் பிள்ளைகள் ஓடினால் கூரை அதிர அதட்டுகிற மனிதர், அவள் தாவணி பறக்க ஓடி வகுப்புக்குள் நுழைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.